தனம் அக்கா அடிக்காத மணி

செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது.

முதலில் காலை ஏழரைக்குப் போனில். லாலாகுடாவில் காய்கறி வண்டிக்காரனிடம் கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் வம்பளந்துகொண்டிருந்தேன். தனம் அக்காவின் கணவர் ராமநாதன் சார் குரல். "சேகர், தனம் போயிட்டாப்பா. தூக்கத்துலயே" என்றார். கொத்தமல்லியை வண்டியிலேயே வைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டாவது முறை பத்து மணிக்கு, குத்துச்சண்டைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில். எந்தச் சங்கம் என்று பெயர் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அக்காவின் படத்துக்கு மாலை, பக்கத்தில் எரியும் விளக்கு, கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "நம் குத்துச்சண்டைக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர், நேரம் தவறாத டைம்கீப்பர் திருமதி தனலட்சுமி ராமநாதன் மறைந்தார்" என்று செயலர் போட்டிருந்தார். அதுவரை அழுதுகொண்டிருந்தவன் அந்த வரியைப் படித்ததும் நிறுத்திவிட்டேன். நேரம் தவறாதவராம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கவனக்குறைவாக மணி அடித்தார் என்று எழுதி அந்த அம்மாளை மேசையிலிருந்து எழுப்பி அனுப்பியவர்கள் இவர்கள்தான். அந்தக் காகிதத்தில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. அதில் ஒன்று யாருடையது என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ரயில்வே பட்டறையின் டைம் ஆபீஸ் தனலட்சுமி. பொன்மலையிலிருந்து மாற்றலாகி, தெலுங்கும் உருதும் பேசும் இந்த லாலாகுடாவுக்கு வந்தவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்பதெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். சங்கு ஊதி இரண்டு நிமிடம் கழித்து ஓடிவருகிறவனிடம் அவர் கத்தியதே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு அவனைப் பார்ப்பார். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

குத்துச்சண்டைக்குள் அவர் வந்த கதை எனக்குத் தெரிந்ததுபோல் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அன்று ரிங்கில் அடி வாங்கிக்கொண்டிருந்தவன் நான். ரயில்வே கோட்டங்களுக்கு இடையிலான போட்டி. மணி அடிக்க உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் சண்டையில் மெய்மறந்து மணியை மறந்துவிட்டார். மூன்று நிமிடச் சுற்று நான்கைத் தாண்டி ஓடுகிறது. எதிரே இருந்த கரக்பூர்க்காரன் என்னைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அப்போது சாப்பாட்டு அடுக்கைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் மேசைக்கு வந்து, "ஏங்க, நாலு நிமிஷம் ஓடியாச்சு. யாருங்க இங்க மணி அடிக்கிறது? அந்தப் பையன் சாகறதுக்கா காத்துக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டது எனக்கு ரிங்குக்குள்ளேயே கேட்டது. மணி அடித்தது. நான் மூலைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மறுநாள் போட்டிக்கு அந்தப் பெரிய மனிதரின் நாற்காலியில் தனம் அக்கா உட்கார்ந்திருந்தார். பதினாறு வருடம் உட்கார்ந்தார்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு கையிலும் இரண்டு ஸ்டாப் வாட்ச். ஒன்று நின்றுபோனால் இன்னொன்று ஓடட்டும் என்று. மணி மேசைமேல் இருக்கும், ஆனால் சுத்தியல் மடியில் இருக்கும். மேசைமேல் வைத்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் விளையாட்டுக்கு ஒரு தட்டு தட்டுவான் என்பார். சுற்று முடியப் பத்து விநாடி இருக்கும்போது ஒரு மரக்கட்டையால் மேசையை மூன்று முறை தட்டுவார். டக், டக், டக். நம் ஊர் அரங்குகளில் சண்டை போட்ட ஒவ்வொருவருக்கும் அந்தச் சத்தம் உடம்பில் ஊறியிருக்கும். களைத்தவனுக்கு அது தெம்பு, அடிக்கிறவனுக்கு அது அவசரம். கட்டை தட்டாமல் அக்காவின் மணி வந்ததாக ஒரு சுற்றுகூடக் கிடையாது.

இன்னொன்று. மேசையில் இருக்கும்போது அவர் சண்டையைப் பார்க்கவே மாட்டார். முள்ளைத்தான் பார்ப்பார். ஒருமுறை உலகத்தரமான ஒரு நாக்அவுட் அவர் மூக்குக்கு முன்னால் நடந்தது. அரங்கமே எழுந்து கத்தியது. "அக்கா, பாத்தீங்களா?" என்று கேட்டேன். "சண்டை பாக்கணும்னா டிக்கெட் வாங்கிட்டு அந்தப் பக்கம் உக்காரணும் சேகரு. இந்த நாற்காலி பாக்கறதுக்குப் போட்டது இல்ல" என்றார்.

அந்த ஆசையை எல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்த்துக்கொள்வார். உலகத்தின் பெரிய சண்டைகளின் பதிவுகளைத் தேடிப் பிடித்து, அவர்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில் டிவியில் போட்டுப் பார்ப்போம். வர்ணனை பொய் சொல்லும் என்று சத்தத்தை அணைத்துவிடுவார். ராமநாதன் சார் பாலாநகர் தொழிற்சாலையில் மின்னணுக் கருவிகளோடு வாழ்ந்தவர். ரத்தம் பார்த்தால் தலை சுற்றும். அடுக்களையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "அடிச்சு முடிச்சிட்டானுங்களா?" என்று சுற்றுக்கு ஒருமுறை கேட்பார். "இல்லைங்க, இன்னும் இருக்கு" என்று அக்கா பதில் சொல்வார்.

எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. மறுபேச்சுக்கு இடமில்லாத உலக சாம்பியன், அதாவது அன்டிஸ்ப்யூட்டட் என்கிறார்களே, அந்தப் பட்டத்துக்கு நடந்த சண்டைகளில் ஆகச் சிறந்தவை எவை என்று ஒரு பட்டியல் போட்டுவைத்திருந்தேன். குத்துச்சண்டை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: உலகத்தில் இப்போது நான்கு அமைப்புகள் தனித்தனியாக பெல்ட் கொடுக்கின்றன. ஆகவே ஒரே எடையில் ஒரே நேரத்தில் நான்கு பேர் நானே உலக சாம்பியன் என்று திரியலாம். நான்கையும் ஒருவன் வாங்கிச் சேர்த்தால்தான் அவன் மறுபேச்சில்லாத சாம்பியன். இதை முதன்முதலில் விளக்கியபோது அக்காவுக்கு வந்த கோபம் இப்போதும் கண்முன் நிற்கிறது. "ஒரு வெயிட்டுக்கு நாலு சாம்பியனா? என்னா சேகரு அநியாயம்! நம்ம பட்டறையில நாலு சங்கு நாலு நேரத்துல ஊதுனா எவன் எப்ப வேலைக்கு வருவான்?" அன்றிலிருந்து என் பட்டியலை அவர் கையில் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சண்டையையும் வாட்ச் வைத்துப் பார்த்துத்தான் தேற்றுவார். நேரத்தில் கோணல் இருந்தால் எப்பேர்ப்பட்ட சண்டையானாலும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்.

முதலிடம் பற்றி எங்களுக்குள் சண்டையே வரவில்லை. தோல்வியே அறியாத இரண்டு கனரக வீரர்கள் ஒரே பட்டத்துக்குப் பதினைந்து சுற்று மோதிய சண்டை அது. ஒருவன் பட்டத்தை ரிங்கில் இழந்தவன் அல்ல. போருக்குப் போக மாட்டேன் என்றதற்காகப் பிடுங்கப்பட்டவன். கடைசிச் சுற்றில் இடது கைக் குத்து ஒன்று அவனை மல்லாத்தியது. விழுந்த வேகத்தில் எழுந்துவிட்டான். தோற்றான், ஆனால் நின்றுகொண்டு தோற்றான். அக்கா வாட்சைக் கீழே வைத்துவிட்டார். "இவனுக்கு எண்ணவே வேண்டியதில்லை. முதல்ல எழுதிக்க" என்றார்.

நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சண்டையில்தான் என் மூக்கு உடைந்தது. சாம்பியன் கீழே விழுகிறான். அடித்தவன் விதிப்படி தூரத்து மூலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நிற்கிறான். அவன் போகும்வரை நடுவர் எண்ணத் தொடங்கவில்லை. விழுந்தவனுக்குப் பதினான்கு விநாடி போலக் கிடைத்தது. எழுந்தான், சண்டையையும் ஜெயித்தான். இது மோசடி, அடித்துவிடலாம் என்றேன். "அவசரப்படாத. மூலைக்குப் போனாத்தான் எண்ணுவோம்னு ரெண்டு பேர்ட்டயும் முன்னாடியே சொல்லியிருக்காங்க. போகாதது அவன் தப்பு. இது நியாயமான எண்ணிக்கை" என்றார் அக்கா. சரி என்று அடுத்த சுற்றைப் போட்டோம். அதில் முன்பு அடித்தவன் விழுகிறான். இப்போது அடித்தவன் மூலைக்குப் போகட்டும் என்று நடுவர் காத்திருக்கவில்லை. உடனே எண்ண ஆரம்பித்துவிட்டார். அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "பாத்தியா! அவனுக்கு ஒரு கணக்கு, இவனுக்கு ஒரு கணக்கு. அடி, அந்தச் சண்டையை அடி!" நூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு நடுவர்மேல் அவ்வளவு கோபம். ராமநாதன் சார் பூண்டும் கையுமாக எட்டிப் பார்த்து, "யாரைத் திட்டற?" என்றார். "உங்களுக்குத் தெரியாதவரு" என்றார் அக்கா.

ஜப்பானில் நடந்த சண்டையை அவர் வைத்துக்கொண்டார். யாராலும் வெல்ல முடியாது என்று உலகமே நம்பிய சாம்பியனை, யாரும் மதிக்காத ஒருவன் படுக்கவைத்த சண்டை. அதற்கு இரண்டு சுற்று முன்னால் அவனே விழுந்து, ஒன்பதில் எழுந்திருந்தான். வாட்சில் அது பத்தைத் தாண்டிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, தோற்றவன் பக்கத்துக் கோட்டு சூட்டுக்காரர்கள் முடிவையே மாற்றப் பார்த்தார்கள். பட்டம் கொடுக்கும் அமைப்புகளிலேயே சிலர் சில நாள் அவர்களுக்குத் தாளம் போட்டார்கள். "கீழ கிடக்கறவன் என் வாட்சையா பாக்கறான்? நடுவர் விரலைத்தானே பாக்கறான்? ஒம்பதுன்னு சொன்னாரு, எந்திரிச்சான். இவனுங்களுக்குத் தோத்ததும்தான் கடிகாரம் பாக்கத் தெரியுதா? நக்கோ, நக்கோ, அவன்தான் சாம்பியன்" என்றார். நக்கோ என்றால் வேண்டாம்; எரிச்சல் வந்தால்தான் அவர் பேச்சில் இந்த ஊர் உருது வரும்.

இப்படிப்பட்டவரைத்தான் மணி அடிக்கத் தெரியாதவர் என்று எழுதினார்கள். சொல்கிறேன்.

மாநிலத் தேர்வின் இறுதிப் போட்டி. ஜெயிக்கிற பெண் தேசியப் போட்டிக்குப் போவாள். ஒரு மூலையில் போலாரத்துப் பெண் ஷபானா. ராணுவ முகாம் சமையல்காரர் ஒருவரின் மகள். காலையில் ஸ்கூட்டர்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே ஓடிப் பழகியவள். இன்னொரு மூலையில் சங்கச் செயலரின் சொந்தக்காரப் பெண். அவள் பெயர் வேண்டாம், அவள்மேல் தப்பில்லை. ரிங்கில் நடுவர் நான், சண்டை போடுவதை விட்டு நடுவராகிச் சில வருடம் ஆகியிருந்தது. மேசையில் தனம் அக்கா.

முதல் இரண்டு சுற்றிலும் செயலர் வீட்டுப் பெண்தான் புள்ளியில் முன்னால் இருந்தாள். நன்றாகவே ஆடினாள். கடைசிச் சுற்றின் கடைசி நிமிடத்தில் ஷபானாவின் வலது கை அவள் தாடையில் இறங்கியது. விழுந்தாள். எட்டு வரை எண்ணினேன். எழுந்தாள், கண்ணில் தெளிவில்லை. ஆனாலும் தொடரலாம் என்றாள். ஷபானா மறுபடியும் பாய்ந்தாள். கயிற்றோரம் அந்தப் பெண் கையைத் தூக்க முடியாமல் நிற்கிறாள். இன்னும் ஒரே ஒரு அடி, நான் சண்டையை நிறுத்தியிருப்பேன். அப்போது மணி அடித்தது.

கட்டை தட்டவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. பத்து விநாடிக்கு முன்னால் வர வேண்டிய டக், டக், டக் வரவே இல்லை. மணியின் சத்தமும் வேறு மாதிரி இருந்தது. சுத்தியலின் கணீர் இல்லை, தட்டையான ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் செயலர் நின்றிருந்தார். கையில் தண்ணீர் குடிக்கிற ஸ்டீல் ஃபிளாஸ்க். சுத்தியல்தான் அக்காவின் மடியில் பத்திரமாக இருக்கிறதே, கையில் இருந்ததைக் கொண்டு அடித்திருக்கிறார். அக்கா எழுந்து நின்றார். இரண்டு வாட்சையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"சேகரு! மணியை நான் அடிக்கல! இன்னும் பதினோரு செகண்டு இருக்கு!"

ரிங்குக்குள் நடுவர் வைத்ததுதான் சட்டம். மணி தவறாக அடித்தால், வாருங்கள், மிச்சத்தை ஆடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. ஷபானா கையைத் தாழ்த்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செயலர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு பெண்களையும் நடுவில் கூப்பிட்டு, புள்ளிகளைக் கேட்டு, செயலர் வீட்டுப் பெண்ணின் கையைத் தூக்கினேன்.

அக்கா அன்றே புகார் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதிலாகச் சங்கம் ஓர் அறிக்கை தயாரித்தது. "டைம்கீப்பரின் கவனக்குறைவால் மணி சற்று முன்னதாக ஒலித்தது, எனினும் முடிவில் மாற்றமில்லை." சற்று முன்னதாகவாம். தானாக ஒலித்ததாம். ஃபிளாஸ்க்கும் இல்லை, செயலரும் இல்லை. பூசி மெழுகுவதில் நம்மாட்களை யாரும் மிஞ்ச முடியாது. செயலர் கையெழுத்திட்டார், ஒரு ஜட்ஜ் கையெழுத்திட்டார், மூன்றாவதாக நான் கையெழுத்திட்டேன். அடுத்த மாதமே தேசிய நடுவர் தேர்வுக்கு என் பெயர் போனது. தேறினேன். நெஞ்சில் சின்னம் தைத்த நீலக் கோட்டு கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு எத்தனை ஊர் போயிருப்பேன்! அக்காவை அதற்குப் பிறகு ஒரு போட்டிக்கும் கூப்பிடவில்லை. ஷபானா தேசியப் போட்டிக்குப் போகவில்லை. அந்த வருடம் போனால்தான் உண்டு, அதோடு அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது.

நீங்கள் கேட்பீர்கள், அதற்குப் பிறகும் எந்த முகத்தோடு அவர் வீட்டுக்குப் போனாய் என்று. போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை, அதற்கடுத்ததும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு ராமநாதன் சார் போன் செய்து, "என்னப்பா, பூண்டு உரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், சண்டையே காணோம்" என்றார். போனேன். அக்கா கதவைத் திறந்தார். "ரெண்டு வாரம் லேட்டு" என்றார், உள்ளே விட்டார். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அவர் கேட்டது பத்து வருடம் கழித்து. கால் நூற்றாண்டுக்குப் பிறகு கனரக எடையில் மறுபேச்சில்லாத சாம்பியன் யார் என்று முடிவு செய்ய, பாலைவன நகரம் ஒன்றில் ஒரு சண்டை நடந்ததே, அந்த ஞாயிறு. முடிவு தெரிந்துவிடக் கூடாதென்று இருவரும் போனை அணைத்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். ஒன்பதாவது சுற்றில் சிறியவன் பெரியவனை அடித்துத் துவைக்கிறான். பெரியவன் ஆள் இங்கே, கால் அங்கே என்று கயிறுகளில் விழுந்து விழுந்து எழுகிறான். கயிறு மட்டும் இல்லையென்றால் தரையில்தான் கிடந்திருப்பான். நடுவர் எண்ணினார். எண்ணி முடித்த கையோடு மணி அடித்தது. பெரியவன் தப்பினான்.

அக்கா வாட்சைப் பார்த்தார். "சரியாத்தான் அடிச்சிருக்கான்" என்றார். அடுத்த சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் டிவியைப் பார்க்கவில்லை.

"சேகரு, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு என்னைப் பாத்தல்ல. பாத்துட்டு ஏன் தலையைக் குனிஞ்ச?"

"சத்தத்துல ஒண்ணும் கவனிக்கலக்கா" என்றேன்.

"கட்டை தட்டலங்கறதுகூடவா கவனிக்கல?"

அடுக்களையிலிருந்து, "அடிச்சு முடிச்சிட்டானுங்களா?" என்று கேட்டது. "இல்லைங்க, இன்னும் இருக்கு" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "காபி ஆறுது, குடி" என்றார். அந்தச் சண்டையை இரண்டாவதாக எழுதிக்கொள்ளச் சொன்னார். மறுபடியும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டியவன் நான்.

போன ஞாயிறு அதே அரங்கில் இரங்கல் கூட்டம். பதினோரு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். செயலர் வந்தது பதினொன்று முப்பத்தைந்துக்கு. எழுபது வயதாகிறது, இன்னும் அவர்தான் செயலர். அக்கா இல்லாத அந்த மேசை, அந்த மணி எல்லாம் அப்படியே இருந்தது. படத்தை மணிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்திருந்தார்கள். முன்வரிசையில் ராமநாதன் சார். கடைசி வரிசையில் ஷபானா. போலாரத்தில் ஒரு பள்ளியில் பயிற்சியாளராக இருக்கிறாள். தன்னிடம் பழகும் ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

செயலர் பத்து நிமிடம் பேசினார். பாதி தெலுங்கு, பாதி உருது, நடுநடுவே இங்கிலீஷ். அக்காவைத் தங்கம் என்றார், தாய் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அம்மா ஒரே ஒரு முறை ஒரு சின்னத் தவறு செய்தார், மனிதர்கள்தானே, நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மாஃப் கர் தியே, மன்னித்துவிட்டோம் என்றார். மன்னித்தாராம்! ராமநாதன் சார் முதுகு அசையவில்லை. எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் உங்களிடம் பொய் சொல்வதற்கில்லை, எழவில்லை. நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தலை மறுபடியும் குனியத் தொடங்கியது.

அப்போது ஒரு நிமிட மௌனம் என்றார்கள். எல்லோரும் எழுந்தோம். அக்காவோடு பழகியவனுக்கு வரும் வியாதி எனக்கும் உண்டு. எழும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். பத்து, இருபது, முப்பது. வெளியே டீ டம்ளர்கள் உரசும் சத்தம். நாற்பது. நாற்பத்திரண்டில் செயலர் இருமிக்கொண்டு, "ஓகே, தேங்க்யூ, அந்தரூ கூர்ச்சோண்டி, டீ ரெடியா இருக்கு" என்றார். நாற்காலிகள் இழுபட்டன. எல்லோரும் உட்கார ஆரம்பித்தார்கள்.

"டைம் ஆகல" என்றேன்.

என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. உட்கார்ந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செயலர் சிரித்துக்கொண்டு கையைக் காட்டினார், உட்கார் என்று. நான் நின்றேன். "இன்னும் டைம் ஆகல. ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்" என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து ஷபானா எழுந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"கித்னா பாக்கி ஹை, சார்?"

இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். அன்று ரிங்கில் கேட்டிருக்க வேண்டியதை இன்று கேட்டாள். அன்று கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். "பதினெட்டு செகண்டு" என்றேன், "முதல்லேருந்து எண்ண வேண்டாம், விட்ட இடத்துலேருந்து." அவளோடு ஆறு பெண்களும் எழுந்தார்கள். பிறகு ராமநாதன் சார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்த பிறகு யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? அரங்கம் முழுவதும் எழுந்தது. செயலரும் டீ டம்ளரோடு நின்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதினெட்டு விநாடியையும் நிற்கவைத்தேன். கடைசிப் பத்தில் மேசைக்குப் போய் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினேன். முள் வந்ததும், "டைம்" என்றேன்.

அதன் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்வது கஷ்டமாக இல்லை. அன்று மணியை அடித்தது தனம் அக்கா இல்லை, இதோ நிற்கிறாரே இவர், ஃபிளாஸ்க்கால் அடித்தார், பதினோரு விநாடி மிச்சம் இருந்தது, எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கையெழுத்திட்டேன் என்றேன். தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, ஷபானாவுக்காக உருதுவில் ஒருமுறை. செயலர் மெதுவாக, "அபீ கைக்கு, சேகர் சாப்?" என்றார். இப்போது எதற்காம். இப்போதாவது என்றுதான். அங்கேயே ஒரு தாளில், அந்த அறிக்கையில் நான் போட்ட கையெழுத்து பொய் என்று எழுதி, தேதி போட்டு, அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன். அதன் நகல்தான் இந்தக் கட்டுரை. சங்கம் பழைய அறிக்கையைக் கிழித்துப்போட்டு, தனலட்சுமி தவறு செய்யவில்லை என்று எழுதும்வரை, நான் விடப்போவதில்லை.

வாசலில் ராமநாதன் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் உதட்டோரம் பழைய சிரிப்பு. "அடிச்சு முடிச்சிட்டியா?" என்று கேட்டார். "இல்ல சார், இன்னும் இருக்கு" என்றேன்.

அக்காவின் இரண்டு வாட்சுகளையும் அவர் ஷபானாவிடம் கொடுத்துவிட்டார். அவளிடம் இருப்பதுதான் சரி. அந்தப் பெண்கள் பழகும் அரங்கில் இனி கட்டை தட்டித்தான் மணி அடிக்கும். பட்டியல் போட்ட நோட்டு என்னிடம் இருக்கிறது. அடித்த சண்டைகள் நிறைய, வைத்துக்கொண்டவை கொஞ்சம். அதன் கடைசிப் பக்கத்தில், எங்கள் ஊர் அரங்கில் நடந்த அந்தச் சண்டையையும் என் கையாலேயே எழுதி, என் கையாலேயே அடித்துவிட்டேன்.

ஆனால் அவரிடமிருந்து உண்மையில் நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் கேட்ட கேள்வியைத்தான். ஏன் தலையைக் குனிஞ்ச என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். காபியை ஆறவிட்டுக்கொண்டு பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் காதில் விழாது என்று தெரிந்தும், உங்கள் எல்லோர் முன்னாலும் இப்போது சொல்கிறேன்.

கோட்டுக்காகத்தான், அக்கா.